மேஸ்திரியைக் கேட்டுச் சொல்கிறேன்

ஜூன் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நீங்களும் நானும் நேராகப் பேசிக்கொண்டது கிடையாது. இதுவும் பேச்சு இல்லை. ஒரு விஷயம், அவ்வளவுதான்.

உங்கள் மகளும் என் மகனும் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது நாயை இங்கே விட்டுவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் ஒரு மழை நாளில் முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. "ரெண்டே ரெண்டு நாள் இருக்கட்டும் அத்தை" என்றாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. அவர்கள் அங்கே இருக்கும் வீட்டில் நாய் கூடாதாம்.

என் தொழில் சலவை. கீழே கடை, மேலே வீடு. ஆஸ்பத்திரி விரிப்பு, உறை எல்லாம் எங்களிடம்தான் வருகிறது. போன வாரம் ஆபரேஷன் அறைக்குப் போன விரிப்பில் ஒரு பழுப்பு முடி. அங்கிருந்து மேற்பார்வையாளர் நேரில் வந்து, அந்த முடியை என் மேசைமேல் வைத்தார். "இந்த மாசக் கடைசிக்குள்ள நாய் இங்க இருக்கக் கூடாதும்மா. இருந்தா நாங்க வேற கடை பார்த்துக்குவோம்" என்றார். அந்த வேலை போனால் கடையே இல்லை. என்னை நம்பி ஆறு பெண்கள் இருக்கிறார்கள்.

கல் குவாரிக்காரர் ஒருவர் காவலுக்குக் கேட்கிறார். பகலெல்லாம் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவாராம். கொடுத்துவிடலாம். ஆனால் நாளைக்கு உங்கள் மகள் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான். உங்களிடம் மூன்று நாய்கள் இருக்கின்றன. மூன்றோடு நாலு. முடியும், முடியாது என்று ஒரு வரி போதும். இந்தக் கடிதம் கொண்டுவரும் எங்கள் துணி வேன்காரரிடமே பதிலைக் கொடுத்துவிடுங்கள். போன் வேண்டாம். போன தடவை போனில் என்ன ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
சம்பந்தி.


ஜூன் 7

சம்பந்தியம்மாவுக்கு,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணப் பதிவில் நான் கைநாட்டு வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இப்போது நான் சொல்ல, மில்லுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரர் எழுதுகிறார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், மெருகு பூசக் கூடாது என்று பேச்சு.

போன் வேண்டாம் என்றது நல்லது. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில் ஒருத்தர் முடித்தால்தான் இன்னொருத்தர்.

ஒரு வரியில் சொல்லச் சொல்கிறீர்கள். முடியாது. முதலில் மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடம். நீங்கள் பச்சைப் பட்டு, அரக்குக் கரை. உங்கள் ஓரகத்தியிடம் சொன்னீர்கள்: "பொண்ணு தங்கம்தான். வளர்ந்த வீடுதான் நாய்க்கூண்டு." நான் தூணுக்கு அந்தப் பக்கம் கை துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே கூண்டில் ஓர் இடம் கேட்கிறீர்கள். இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லியாயிற்று.

இனி விஷயம். எனக்குச் சம்மதம்தான். ஆனால் நான் ஒருத்தன் சம்மதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் இந்த மர மில்லுக்குக் காவல்காரன், அவ்வளவுதான். மில்லை நடத்துவது மேஸ்திரி. மேஸ்திரி என்றால் நாய்; பெண்; கிழடு; பாதிப் பல் இல்லை. லாரி உள்ளே வந்தால் அவள் பார்க்கிற பார்வையில் டிரைவரே வண்டியை ஒழுங்காக நிறுத்துவான். இரண்டாவது கட்டை. குட்டைக் கால், உருண்டை உடம்பு, சாப்பாட்டோடு தவிர வேறு யாரோடும் உறவு கிடையாது. மூன்றாவது ஆணி. சின்ன உருவம், எங்கே உட்கார்ந்தாலும் குத்துவான்.

ஆகவே மேஸ்திரியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். கேட்கிற விதம் மூக்கு வழியாக. ஆணி வந்தபோதும் அப்படித்தான், கட்டை வந்தபோதும் அப்படித்தான். முதலில் வாசனை வர வேண்டும், பிறகு ஆள் வரலாம். நாயை அனுப்பாதீர்கள். அது படுக்கிற துணியை அனுப்புங்கள். என் மூன்றும் படுக்கிற சாக்கை வேன்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அதை உங்கள் நாய் படுக்கிற இடத்தில் போடுங்கள்.

கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சுருண்டு படுக்குமா, நீட்டிப் படுக்குமா? தின்னும்போது ஆள் கிட்டே வந்தால் உறுமுமா, இல்லை அவசரமாக விழுங்குமா? எதற்குப் பயப்படும்? இரவில் யார் அறையில் இருக்கும்?

கைநாட்டு.


ஜூன் 11

சம்பந்தி அவர்களுக்கு,

அன்றைக்கு நான் கட்டியிருந்தது பச்சை இல்லை, நீலம். அதுவே தப்பு என்றால் மற்றது எவ்வளவு சரியாக இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு: சுருண்டு படுக்கும், மூக்கை வாலுக்குள் வைத்துக்கொண்டு. வெயில் நாளில் மட்டும் மல்லாந்து. பார்க்கச் சகிக்காது. தின்னும்போது உறுமாது, ஒரு வாய் எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துத் தின்னும், பிறகு போய் அடுத்த வாய். இதனால் தரை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய் பீய்ச்சினால் பயம். இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டால் பயமில்லை, அதைப் பார்த்து வாலாட்டும். இடி இடித்தால் மூன்று படி ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்க்கும். நான் இடியை நிறுத்த வேண்டுமாம்.

மாடிப்படிக்குக் கீழே அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். இரவில் எங்கே படுக்கிறது என்பது இந்த விஷயத்துக்குத் தேவையில்லாதது.

நீங்கள் கேட்ட துணி இதோடு வருகிறது. உங்கள் சாக்கு வந்தது. அது சாக்கு என்று வேன்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்குள் வைக்கிற மாதிரி ஆக்கி, அது படுக்கும் இடத்தில் போட்டிருக்கிறேன். மோந்து பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. படுத்துவிட்டது.

வேன்காரர் கேட்கிறார்: "அம்மா, இந்தத் துணியை யார் கையில குடுக்கணும், மேஸ்திரி கையிலயா?" என்று. உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தானா?

சம்பந்தி.


ஜூன் 15

சம்பந்தியம்மாவுக்கு,

அதிசயமாக இருக்கிறது.

துணியைப் பலகை அடுக்கின் நிழலில் விரித்தேன். என்ன வெள்ளை! மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆணி ஓடிவந்தான். புது வாசனை என்றால் அவனுக்கு முதுகு முடி நட்டுக்கொள்ளும். நட்டுக்கொள்ளவில்லை. மோந்தான், தும்மினான், போய்விட்டான். கட்டை தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பியே பார்க்கவில்லை. மேஸ்திரி சுற்றி ஒரு தரம் வந்தாள், காலால் இழுத்துச் சரி செய்தாள், அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாள்.

இத்தனை நாய் பார்த்தவன் நான், இப்படிப் பார்த்ததில்லை. கட்டை வந்தபோது அவன் துணியை மேஸ்திரி வாயால் கவ்விக் கொண்டுபோய் வாசலில் போட்டாள், அதுவும் திரும்பத் திரும்ப. இதற்கு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ஒன்று, உங்கள் நாய் நாய்களிலேயே சாது. இல்லை, எனக்கு ஏதோ புரியவில்லை. உங்கள் பக்கமும் என் சாக்குமேல் பேசாமல் படுத்தது என்கிறீர்கள்.

மருந்துக் கடைக்காரர், "மேஸ்திரி கையெழுத்துப் போட்டாச்சு, இன்னும் என்னய்யா யோசனை?" என்கிறார். யோசனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்களுக்கு மாதக் கடைசி நெருங்குகிறது. அனுப்பி வையுங்கள்.

இரவில் எங்கே படுக்கும் என்பதற்குப் பதில் வரவில்லை.

கைநாட்டு.


ஜூன் 18

சம்பந்தி அவர்களுக்கு,

வேனில் அனுப்பியிருக்கிறேன். முன் சீட்டில் உட்காரும், ஜன்னல் பாதி திறந்திருக்க வேண்டும். வேன்காரரிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், வழியில் தண்ணீர் கொடுத்தாரா என்று.

பெயர் பிஸ்கட். உங்கள் மகள் வைத்தது.

குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன். தட்டு, சங்கிலி, சீப்பு பையில் இருக்கின்றன. சீப்பு இரண்டு. பெரியது முதுகுக்கு, சின்னது காதுக்குப் பின்னால். காதுக்குப் பின்னால் வாரும்போது ஒரு சத்தம் போடும், அது வலி இல்லை.

ஒத்து வராவிட்டால் இங்கே திரும்ப அனுப்பாதீர்கள். வேன்காரர் நேரே குவாரியில் விட்டுவிடட்டும். நான் மறுபடி ஒரு தடவை அதை வேனில் ஏற்ற மாட்டேன்.

சம்பந்தி.


ஜூன் 20

சம்பந்தியம்மாவுக்கு,

பெரிய ரகளை.

வேன் கதவு திறந்ததும் உங்கள் நாய் இறங்கி நின்றது. என் மூன்றும் ஒன்றாகப் போயின. வழக்கமாக, வாசனை தெரிந்த நாய் வந்தால் ஒரு சந்தேகம் வரும் முகத்தில்: இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்கிற மாதிரி. அந்த ஒரு நொடி போதும், நான் நடுவில் புகுந்துவிடுவேன். அந்த நொடி வரவில்லை. முன்பின் அறியாத திருடனைப் பார்த்த மாதிரி பாய்ந்தார்கள். ஆணிக்குக் காது கிழிந்தது. சாப்பாட்டைத் தவிர எதற்கும் ஓடாத கட்டைகூட ஓடினான். உங்கள் நாய்க்குத் தோளில் பல் பட்டிருக்கிறது, ஆழமில்லை, மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டார். அது தாவி உயரமான பலகை அடுக்கின் மேல் ஏறியது. ஏறியதுதான், இறங்கவில்லை. ஏணி வைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன். குடித்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. பிஸ்கட், பிஸ்கட் என்று கூப்பிட்டால் எவனையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. வேன் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதலாளி வந்தார். "பெரியவரே, மர வியாபாரமா, சர்க்கஸா? இன்னொரு சண்டை வந்துச்சுன்னா நாலும் வெளிய போகணும். சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனுஷன், ஆனால் சொன்னால் செய்வார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு அனுப்பியது இந்த நாய் படுத்த துணிதானா? அவசரத்தில் வேறு துணியை மடித்துக் கொடுத்துவிட்டீர்களா? இந்த மூன்றுக்கும் அந்தத் துணியில் இந்த நாய் தெரியவே இல்லை. அது எப்படி?

கைநாட்டு.


ஜூன் 22

சம்பந்தி அவர்களுக்கு,

தோளில் எந்தப் பக்கம்? அதை எழுதவில்லை.

வேறு துணியா? என் கடையில் ஒரு கைக்குட்டை இடம் மாறிப் போனது கிடையாது. ஆஸ்பத்திரியில் கேளுங்கள், ஓட்டலில் கேளுங்கள். அது படுத்த துணியேதான் அது. வேலைக்காரப் பெண்களிடம்கூடக் கொடுக்காமல் நானே என் கையால் ஊற வைத்து, கொதிக்க வைத்து, இரண்டு தண்ணீரில் அலசி, நீலம் போட்டு, கஞ்சி போடலாமா என்று யோசித்து, நாய்க்குக் குத்துமே என்று போடாமல், இஸ்திரி போட்டு மடித்து அனுப்பினேன். சம்பந்தி வீட்டுக்குப் போகிற துணி. அழுக்கோடு அனுப்புவேன் என்று நினைத்தீர்களா?

உங்கள் சாக்குக்கு மட்டும் மூன்று தண்ணீர் பிடித்தது. அதற்கும் சேர்த்து ஒரு நன்றி உங்களிடமிருந்து வரவில்லை.

எந்தப் பக்கத் தோள்?

சம்பந்தி.


ஜூன் 25

சம்பந்தியம்மாவுக்கு,

இடது தோள். காய்ந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை மருந்துக் கடைக்காரர் படித்துக்கொண்டே வந்தவர் 'நீலம் போட்டு' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மருந்து வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. உங்கள்மேல் கோபம் இல்லை. மனதில் ஒரு முள் மாதிரி இருந்தது இப்போது எடுபட்டது, அந்தச் சந்தோஷம்.

சம்பந்தியம்மா, நான் கேட்டது துணி இல்லை. துணியில் இருக்கிற நாயை. அதை நீங்கள் கொதிக்க வைத்து வடித்துவிட்டீர்கள். என் மூன்றும் மோந்தது சோப்பு. மேஸ்திரி சோப்போடு சமாதானமாகி அதன்மேல் தூங்கினாள். உங்கள் நாயும் என் சாக்கில் யாரையும் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ அனுப்பச் சொன்னால் வெறும் சட்டத்தைத் துடைத்து அனுப்பிய மாதிரி.

போகட்டும். இப்போது இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கலாமா கூடாதா என்று மருந்துக் கடைக்காரரோடு வாக்குவாதமே நடந்தது.

அது இன்னும் கீழே வரவில்லை. ஏணியில் போய்க் கொடுத்தால் இரண்டு வாய் தின்கிறது. தின்னும் முன் ஒரு வாயை எடுத்துக்கொண்டு பலகையில் அங்கேயும் இங்கேயும் நடக்கிறது. வைக்கக் காலடி தேடுகிறது. அது என் மகளைத் தேடவில்லை, அம்மா. என் மகள் போய் மாதக்கணக்கு ஆகிறது. அது தேடுகிறது யாரை என்று நான் எழுதச் சொல்லப் போவதில்லை.

உங்கள் வாசனை உள்ள துணி ஒன்று வேண்டும். இஸ்திரி போடும்போது இடுப்பில் கட்டுவீர்களே, அது. வெளுக்காதது. ஒரு நாள் முழுக்கக் கட்டி, அவிழ்த்து அப்படியே கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் காட்டக் கூடாது. அது இருந்தால் கீழே இறங்கும். இறங்கினால்தான் மற்றதை நான் செய்ய முடியும்.

கைநாட்டு.

(எழுதுபவன் குறிப்பு: பெரியவர் இதைச் சொல்லத் தயங்கியது உண்மை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக் கடை.)


ஜூன் 27, காலை

சம்பந்தி அவர்களுக்கு,

முடியாது.

என் கடை வாசலைத் தாண்டி அழுக்குத் துணி வெளியே போனதில்லை. நான் உடுத்திய துணியை, வேர்வையோடு, மூன்றாம் மனிதர் கையில் கொடுத்து, சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவதா? அதை மில்லில் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பதா? வெள்ளைத் துணியையே வந்து பார்த்தவர்கள்தானே. வேறு வழி யோசியுங்கள்.

சம்பந்தி.


ஜூன் 27, மாலை

சம்பந்தி அவர்களுக்கு,

காலையில் எழுதியதை வேன்காரர் எடுத்துப் போக மறந்துவிட்டார். இரண்டும் சேர்ந்து வரும். இரண்டாவதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

பொட்டலத்தில் நீங்கள் கேட்டது இருக்கிறது. மூன்று பையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டியிருக்கிறேன். நீங்கள் ஒருவர்தான் பிரிக்க வேண்டும். மருந்துக் கடைக்காரரும் பார்க்க வேண்டாம், அவருக்கும் இதைப் படிக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு துணியும் இருக்கிறது. அது கடைசி இரவு படுத்திருந்த போர்வை. என் கட்டிலுக்குக் கீழே. நீங்கள் இரண்டு தடவை கேட்டதற்குப் பதில் இதுதான். அது போன மறுநாள் வீட்டைக் கூட்ட வந்த பெண் போர்வையை எடுத்தாள். "துவைக்கப் போடவா அக்கா?" என்றாள். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளுக்கவில்லை. முடியெல்லாம் அப்படியே இருக்கிறது. உங்கள் மூன்றுக்கும் அதைக் காட்டுங்கள். இந்தத் தடவை அதில் ஆள் இருக்கிறது.

பிஸ்கட் என்றால் திரும்பாது. 'என்னடா' என்று சொல்லிப் பாருங்கள். நான் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. வந்து நின்றால் என்னடா என்று கேட்பேன், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். கடை சுத்தமாக இருக்கிறது. ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

சம்பந்தி.


ஜூலை 5

சம்பந்தியம்மாவுக்கு,

பொட்டலத்தை நான் மட்டும்தான் பிரித்தேன். மருந்துக் கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்கள் வேலைத் துணியைப் பலகை அடுக்கின் அடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். மேலிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு தலை. "என்னடா" என்றேன். அந்தப் பக்கம் மரம் தூக்குகிறவன், "என்னையா கூப்பிட்டீங்க?" என்றான். இது ஒரே பாய்ச்சலில் கீழே. துணியை மோந்து பார்க்கவில்லை அம்மா, முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அதன் பிறகு ஒரு தட்டு சாப்பாடு, துணிமேல் வைத்து.

போர்வையை மற்ற மூன்றுக்கும் தனியாகப் போட்டேன். அடடா. ஆணிக்கு முதுகு முடி நட்டுக்கொண்டது. மேஸ்திரி கவ்விக்கொண்டு போய் வாசலில் போட்டாள். எனக்கு உயிர் வந்தது. நான் எடுத்து வந்து போட்டேன், மறுபடி கொண்டுபோனாள். அலுத்துப்போகும் வரை விட்டேன். கடைசியில் அதை வாசலுக்கும் உள்ளுக்கும் நடுவில் போட்டுவிட்டு, அதன் ஓரத்தில் தாடையை வைத்துப் படுத்தாள். அவள் கணக்கில் அது பாதிச் சம்மதம்.

மில்லுக்குள் அவர்களைச் சேர்க்கவில்லை. மில் அவர்கள் இடம், அங்கே கௌரவப் பிரச்சினை வரும். ரோட்டில் வைத்துக்கொண்டேன். ரோடு யாருக்கும் சொந்தமில்லை. மேஸ்திரியை நான் பிடிக்க, உங்கள் நாயை மருந்துக் கடைக்காரர் பிடிக்க, ரோட்டுக்கு அந்த ஓரம் அவர், இந்த ஓரம் நான். முகத்துக்கு முகம் பார்க்க விடாமல், ஒரே திசையில் நடந்தோம். கயிற்றை இறுக்கக் கூடாது என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நம் பயம் கயிறு வழியாக நாய்க்குப் போகும். தினமும் நடந்தோம். நாளாக நாளாக ரோடு குறுகிக்கொண்டே வந்தது. நேற்று மேஸ்திரி நின்று ஒரு கம்பத்தை மோந்தாள். இது வந்து அதே கம்பத்தை மோந்தது. அவள் விட்டுக்கொடுத்து நகர்ந்தாள். திரும்பும்போது இரண்டையும் சேர்த்தே கேட்டுக்குள் அழைத்து வந்தேன். மேஸ்திரி கூட்டிவந்த ஆள் என்றால் கட்டை கேள்வி கேட்க மாட்டான். ஆணி குரைத்தான், மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தாள், மரத்தூள் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அங்கிருந்து குரைத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளைக்கு நீங்கள் பார்க்க வராதீர்கள். இப்போது உங்களைப் பார்த்தால் உங்களோடு கிளம்பிவிடும், இங்கே செய்ததெல்லாம் வீணாகிவிடும். நானே சொல்லி அனுப்புகிறேன்.

கைநாட்டு.


ஜூலை 17

சம்பந்தி அவர்களுக்கு,

சாப்பிடுகிறதா? ஆணியோடு எப்படி? காதுக்குப் பின்னால் வாருகிறீர்களா?

நீங்கள் வரக் கூடாது என்று சொன்னீர்கள். நானும் வரவில்லை.

உங்கள் மகள் போனில் கேட்டாள், நாய் எப்படி இருக்கிறது என்று. உன் அப்பா வீட்டில் நன்றாக இருக்கிறது என்றேன். "எங்கப்பா கூடவா பேசுறீங்க, அத்தை?" என்றாள். பேசவில்லை, எழுதிக்கொள்கிறோம் என்றேன். "அவருக்கு எழுதத் தெரியாதே!" என்றாள். அதெல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறார் என்று சொல்லிவிட்டேன்.

வேறு எதற்கோ அலமாரியைத் திறந்தபோது கல்யாண ஆல்பம் கையில் அகப்பட்டது. பச்சைதான். அரக்குக் கரை.

இந்நேரம் அது என்னை மறந்திருக்கும். நல்லதுதான். அதற்குத்தானே அனுப்பினேன்.

சம்பந்தி.


ஜூலை 22

சம்பந்தியம்மாவுக்கு,

வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

போன வியாழக்கிழமை மதியம் நாலும் நிழலில் கிடந்தன. திடீரென்று உங்களுடையது தலையைத் தூக்கியது. எழுந்து கேட்டுக்குப் போய்க் கம்பி வழியாக மூக்கை நீட்டியது. அதில் அதிசயமில்லை. அதன் பின்னாலேயே மேஸ்திரி போனாள், கட்டை போனான், ஆணி போனான். யாரும் குரைக்கவில்லை. நாலு மூக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற லாரியைப் பார்த்து. ஆணி குரைக்காமல் நின்று நான் கண்டதில்லை, வாலை வேறு ஆட்டுகிறான். என் மூன்றும் உங்களைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனால் உங்கள் வேலைத் துணியை இப்போது நாலும் பங்கு போட்டுக்கொண்டு படுக்கின்றன.

எனக்கு லாரிதான் தெரிந்தது. பிறகு டீக்கடைக்காரர் சொன்னார்: "ஒரு அம்மா லாரிக்குப் பின்னாடி நின்னாங்க. வெள்ளை வெளேர்னு புடவை. எட்டி எட்டிப் பார்த்தாங்க. டீ கூடக் குடிக்கல, பஸ் வந்ததும் ஏறிட்டாங்க."

அந்த பஸ் கிளம்பிய சத்தம் எனக்கும் கேட்டது. அப்போது ஒரு காரியம் செய்தேன். எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்துவிட்டேன்.

உங்கள் நாய் வெளியே போனது. லாரிக்குப் பின்னால், நீங்கள் நின்ற இடத்தை நன்றாக மோந்து பார்த்ததாம், அதையும் டீக்கடைக்காரர்தான் சொன்னார். அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் வரை மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் நடந்தது. அங்கே நின்றது. பஸ் போன பக்கம் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றது. மேஸ்திரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். நான் கூப்பிடவில்லை. என்னடா என்றுகூடச் சொல்லவில்லை.

அதுவாகத் திரும்பி வந்தது. மேஸ்திரியைத் தாண்டி உள்ளே போய், கட்டை பக்கத்தில் படுத்துவிட்டது.

இதை உங்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததில்தான் இந்தக் கடிதம் தாமதம். உங்களை மறந்துவிட்டது என்றால் உங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். மறக்கவில்லை. உங்கள் வாசனையைப் பஸ் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பியது. அதற்கு இப்போது இதுதான் வீடு. முதலாளிக்குக்கூட அதைப் பிடித்துவிட்டது. ஆட்களைத் திட்ட வாயெடுத்து "என்னடா" என்றாலே எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறதாம், திட்ட முடியவில்லை என்கிறார்.

இனி நீங்கள் வரலாம். லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டாம். வந்தால் உங்களோடு கிளம்பாது. அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கைநாட்டு.


ஜூலை 25

சம்பந்தி அவர்களுக்கு,

படித்தேன். 'அதுவாகத் திரும்பி வந்தது' என்ற வரியை மறுபடியும் படித்தேன். நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கேட்டைத் திறக்க அவசரப்பட வேண்டாம். நான் வெளியிலேயே, ரோட்டு ஓரமாக நிற்கிறேன். முதலில் நாலும் வந்து பார்க்கட்டும். பிறகு மேஸ்திரியைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள், நான் உள்ளே வரலாமா என்று.

சம்பந்தி.